முதுகும் ஓர் இடுபொருள்தான்

நம் இதழில் மண்ணைப் பற்றி எழுதாத மாதம் கிடையாது. கரிமச்சத்து எவ்வளவு, மண்புழு இருக்கிறதா, மூடாக்கு எத்தனை அங்குலம் என்று விடாமல் பேசுகிறோம். அந்த மண்ணில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற உடம்பைப் பற்றி எழுதியது குறைவு. இந்த மாதப் பாடம் அதுதான்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கை விவசாயத்தில் இறங்கி இரண்டு மூன்று போகத்தில் விட்டுப் போனவர்களிடம் பேசினால், விளைச்சல் குறைஞ்சுபோச்சு, விலை கிடைக்கல என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம் கூட உட்கார்ந்தால் அடுத்த விஷயம் வெளியே வரும். "களை எடுக்க ஆள் வரல சார். நானும் வீட்டுக்காரியும் இறங்கினோம். ரெண்டு பேருக்கும் இடுப்பு போச்சு." அதற்கு அடுத்த வாரம் களைக்கொல்லி டப்பா வீட்டுக்கு வந்திருக்கும். மேடையில் நாம் அதை விஷம் என்கிறோம். வாங்குகிறவரோ அதை இடுப்பு வலி மருந்தாகத்தான் வாங்குகிறார். இதை ஒப்புக்கொள்ளாமல் களைக்கொல்லியை எதிர்த்து எத்தனை துண்டறிக்கை அடித்தாலும் பாதி வேலைதான் ஆகும்.

கடப்பாரைக் கணக்கு

முதுகு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை. கடப்பாரை போட்டுக் கல்லை நெம்பியவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். கல் இருக்கிற பக்கம் குட்டை, நாம் பிடிக்கிற பக்கம் நீளம். அதனால்தான் சின்ன பலத்தில் பெரிய கல் அசைகிறது.

முதுகில் இந்தக் கணக்கு தலைகீழ். இடுப்பு எலும்புக்கு நடுவில்தான் நெம்புமையம். முதுகைத் தூக்கிப் பிடிக்கிற தசை அதற்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டரில் இருக்கிறது. நாம் தூக்குகிற சாணிக்கூடை முன்னால் 50 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். பத்து மடங்கு. கூடை 10 கிலோ என்றால் அதைச் சமாளிக்க மட்டுமே தசை 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். தலை, தோள், நெஞ்சு என்று நம் மேலுடம்பின் எடை அது போக. அதே கூடையை வயிற்றோடு ஒட்டிப் பிடித்தால் தூரம் பாதிக்கும் கீழே இறங்கும், இழுவையும் அதே அளவுக்கு இறங்கும். எடை ஒன்றுதான், முதுகு கட்டுகிற வட்டிதான் வேறு. (பேங்க்காரன் புத்தி, வட்டியில்தான் போய் நிற்கும்.)

இது ஏட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் உல்ம் நகரத்தில் 1999இல் ஒரு ஆராய்ச்சிக் குழு, தானாக முன்வந்த ஒருவருடைய முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுக்குள், நாம் டிஸ்க் என்று சொல்கிறோமே அதற்குள், ஊசி போன்ற அளவுமானியைச் செருகி அழுத்தத்தை அளந்தார்கள். நேராக நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். வெறுங்கையோடு குனிந்தபோது 1.1. முதுகை வளைத்துக்கொண்டு 20 கிலோவைத் தூக்கியபோது 2.3. அதையே முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்கியபோது 1.7. தூக்கியதை உடம்போடு ஒட்டிப் பிடித்தபோது 1.1.

மெகாபாஸ்கல் நமக்குப் பழக்கமில்லை. பைக் டயருக்கு 30 காற்று அடிக்கச் சொல்கிறோம் இல்லையா, அந்த அளவில் சொன்னால் 2.3 என்பது 330க்கு மேல். பஞ்சர் ஆவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அளந்தது ஒரே ஒருவரைத்தான். ஆனால் 1960களில் ஸ்வீடனில் ஆல்ஃப் நாகெம்சன் என்ற எலும்பு மருத்துவர் பலரிடம் அளந்தபோதும் குனிவது பற்றிய முடிவு இதே திசையில்தான் வந்தது. நிற்பதை 100 என்று வைத்தால் மல்லாந்து படுப்பது 25, முன்னால் குனிவது 150, எடையோடு குனிவது 220.

விடிகாலைச் சாணி

அந்த வட்டு ஒரு பஞ்சு மாதிரி. பகலெல்லாம் உடம்பின் எடை அழுத்த அழுத்த அதிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். ராத்திரி படுத்திருக்கும்போது திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் காலையில் எழுந்ததும் நாம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருக்கிறோம், சாயந்திரம் குறைந்துவிடுகிறோம். நம்பிக்கை இல்லாதவர்கள் சுவரில் கோடு போட்டுப் பார்க்கலாம்.

விஷயம் என்னவென்றால், நீர் நிறைந்து உப்பியிருக்கும் வட்டு காலையில் விறைப்பாக இருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் அதன் மேல் விழும் இழுவை பகலைவிட அதிகம். நாட்பட்ட இடுப்பு வலிக்காரர்களை வைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள், 1998இல் வெளியானது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை. எழுந்த முதல் இரண்டு மணி நேரம் முன்னால் குனியாதே என்பது மட்டும்தான் வைத்தியம். வலி குறைந்தது.

நம்ம வீடுகளில் என்ன நடக்கிறது? நாலரை மணிக்கு எழுந்ததும் முதல் வேலை தொழுவம். சாணி அள்ளு, கூளம் வாரு, கூடையைத் தூக்கிக் குப்பைக் குழியில் கொட்டு. உப்பின வட்டோடு, முதுகை வளைத்து, கைக்கெட்டாத தூரத்தில். முதுகைக் கெடுக்க இதைவிடத் தோதான வேளையைத் தேடிப் பிடிக்க முடியாது.

இரண்டு மணி நேரம் குனியாமல் இருப்பது நமக்குக் கட்டுப்படியாகாது, மாடு காத்திருக்காது. ஆனால் வேலையின் வரிசையை மாற்றலாம். எழுந்ததும் முதலில் நடக்கிற வேலை: வயலைச் சுற்றிவருவது, மடை பார்ப்பது, மோட்டார் போடுவது, மாட்டை இடம் மாற்றிக் கட்டுவது. அரைமணி முக்கால் மணி நடந்தபிறகு சாணி. அள்ளுவதற்குத் தட்டையான தகரத்தை வெறுங்கையால் பிடிப்பதற்குப் பதில் நாலடிக் கழி போட்ட வாரி. கூடையைத் தூக்குவதற்குப் பதில் ஒற்றைச்சக்கரத் தள்ளுவண்டி. தள்ளுவண்டி வாங்கச் சொன்னால் "எதுக்குங்க வீண் செலவு" என்பவர்கள், ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு என்ன வாங்குகிறார்கள் என்று ஒருதடவை விசாரித்துவிட்டு வரவும்.

குனிந்தே இருப்பது

ஒரு முறை குனிவது ஒன்று, குனிந்தே இருப்பது வேறு. நடவிலும் களையிலும் நடப்பது இரண்டாவது. இருபது நிமிடம் தொடர்ந்து குனிந்தே இருந்தால் முதுகெலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் நார்கள், நனைந்த கயிறு போல மெதுவாக நீண்டு தொய்ந்துவிடும். நிமிர்ந்ததும் உடனே பழைய நீளத்துக்கு வராது. அரைமணி கழித்தும் கொஞ்சம் தொய்வு மிச்சம் இருக்கும் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தொய்வு நேரத்தில் முதுகுக்குப் பாதுகாப்பு குறைவு.

இப்போது நம் வயலை நினைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் குனிந்து களை பறித்து, நிமிர்ந்த அதே நொடியில் ஈரக் களைக்கட்டைத் தூக்கி வரப்பில் எறிகிறோம். நாற்றங்காலில் குனிந்து நாற்றுப் பறித்து, உடனே முடிக்கட்டுகளைத் தூக்கித் தலையில் வைக்கிறோம். "சும்மா நல்லாத்தான் இருந்தேன், கட்டைத் தூக்கினேன், சடக்குன்னு புடிச்சுகிச்சு" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. பிடித்தது அந்தக் கட்டால் மட்டும் இல்லை, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தாலும்தான்.

செய்ய வேண்டியது சின்ன விஷயம். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்புக்குப் பின்னால் ஊன்றி, மெதுவாகப் பின்னால் சாய்ந்து ஐந்தாறு தடவை. அரை நிமிடம் கூட ஆகாது. குனிந்த வேலை முடிந்ததும் தூக்கும் வேலைக்குப் போகாமல் பத்து நிமிடம் நடக்கிற, நிற்கிற வேலை. தண்ணீர் குடிப்பது, வெற்றிலை போடுவது எல்லாம் இதற்குள் வரும். வெற்றிலைக்கு உட்காருகிறார்கள் என்று முணுமுணுக்கிற வரப்புக்காரர்கள் இதை இரண்டு தடவை படிக்கலாம்.

எங்கள் பகுதியில் நடவுக்கு வரும் வயதான பெண்களைக் கவனித்திருக்கிறேன். அவர்கள் குனியும்போது முதுகு வில் மாதிரி வளையாது, பலகை மாதிரி இருக்கும். மடிவது தொடை சேருகிற இடத்தில். புதிதாக வருகிறவர்கள் அங்கே மடக்காமல் இடுப்பிலும் முதுகிலும் வளைகிறார்கள். இதைப் பழக ஒரு மூங்கில் கழி போதும். கழியை முதுகோடு நீளவாக்கில் பிடித்துக்கொள்ளுங்கள். பின்மண்டை, தோள்பட்டைக்கு நடு, வால் எலும்பு மூன்றிலும் கழி பட வேண்டும். முழங்காலை லேசாகத் தளர்த்தி, மூன்று இடத்திலும் கழி விலகாமல் முன்னால் மடியுங்கள். முதல் நாள் கழி விலகத்தான் செய்யும். ஒரு வாரத்தில் உடம்பு பிடித்துக்கொள்ளும்.

பின்னால் சாய்வது பற்றி ஒரு கதை உண்டு. நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்று ஒரு இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட். 1956இல் அவரிடம் இடுப்பிலிருந்து காலுக்கு வலி இறங்குகிற நோயாளி ஒருவர் வந்தார். உள்ளே போய்ப் படுங்கள் என்று அனுப்பியிருக்கிறார். மேஜையின் தலைப்பக்கம் முந்தைய நோயாளிக்காக உயர்த்தி வைத்திருந்தது. அது தெரியாமல் அவர் குப்புறப் படுத்து, முதுகு பின்னால் வளைந்தபடி சில நிமிடம் கிடந்தார். பதறிப்போய் வந்த மெக்கென்சியிடம், கால் வலி போய்விட்டது என்றார் அவர். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகமெங்கும் பயன்படும் மெக்கென்சி முறை. நம் புஜங்காசனத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ஆனால் அவர் கவனித்துச் சொன்ன ஒரு அடையாளம் முக்கியம். ஒரு அசைவைச் செய்யும்போது காலில் இருந்த வலி தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு என்று மேலே ஏறிச் சுருங்கினால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் அது நல்ல அடையாளம். இடுப்பில் இருந்த வலி காலுக்கு இறங்கினால் அந்த அசைவு உங்களுக்கு ஆகாது, நிறுத்திவிடுங்கள். எல்லோருக்கும் பின்சாய்வு ஒத்துவராது. சிலருக்கு முன்மடிப்புதான் சுகம் தரும், குறிப்பாக நடந்தால் கால் மரத்துப்போய் உட்கார்ந்தால் சரியாகிற முதியவர்களுக்கு.

குட்டைப்பிடிக் களைக்கொத்து

இந்தப் பாடத்தில் எனக்கு மனசு நிற்கிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். சலினாஸ் பள்ளத்தாக்கில் கண்ணுக்கெட்டிய தூரம் லெட்யூஸ் கீரை, மற்ற இடங்களில் சர்க்கரைக் கிழங்கு. நெருக்கமாக முளைத்த நாற்றைக் கலைத்துவிடவும் களை எடுக்கவும் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட கருவியின் பிடி ஓர் அடியிலிருந்து ஒன்றரை அடிதான். ஸ்பானிய மொழியில் அதற்கு 'எல் கோர்டிட்டோ' என்று பெயர், குட்டையன் என்று அர்த்தம். காலையிலிருந்து சாயந்திரம் வரை இரண்டாக மடிந்து நடந்துகொண்டே வேலை. முப்பது நாற்பது வயதிலேயே முதுகு ஒடிந்தவர்கள் ஏராளம். விவசாயத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய சேசர் சாவேஸ் இளமையில் அதைப் பிடித்து வேலை செய்தவர், வாழ்நாள் முழுக்க முதுகு வலியோடு இருந்தவர்.

நீளப் பிடி போட்டால் என்ன? பண்ணையார்கள் சொன்ன காரணம், பயிர் சேதமாகும், வேலை சுத்தமாக இருக்காது என்பது. தொழிலாளர்கள் சொன்ன காரணம் வேறு. குட்டைப்பிடி இருந்தால் மேஸ்திரிக்கு வசதி. தூரத்தில் நின்று பார்த்தாலே போதும், யார் நிமிர்ந்திருக்கிறாரோ அவர் வேலை செய்யவில்லை.

1972இல் சட்ட உதவி வழக்கறிஞர்கள் மூலம் மனுப் போட்டார்கள். முதுகெலும்பு தேய்கிறது என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறையோ, பாதுகாப்பற்ற கருவி என்றால் உடைந்த, பழுதான கருவிதான், இது நல்ல நிலையில் இருக்கிறதே என்று தள்ளிவிட்டது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் போனது. 1975 ஜனவரியில் தீர்ப்பு. கருவி உடைந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கக் கூடாது, அதைப் பயன்படுத்துகிற முறையால் உடம்புக்கு ஊறு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த ஆண்டே குட்டைப்பிடிக்குத் தடை வந்தது. லெட்யூஸ் விவசாயம் அழிந்துபோகவில்லை, இன்றுவரை அங்கேதான் விளைகிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் நமக்குச் சந்தோஷமாகக் கைதட்டிவிட்டுப் போகலாம். கொத்துக்குத் தடை வந்ததும் சில பண்ணைகளில் கருவியே இல்லாமல் வெறுங்கையால் குனிந்து களை பறிக்க வைத்தார்கள். அதையும் கட்டுப்படுத்தி 2004இல் விதி வந்தது. அந்த விதியிலிருந்து விலக்குக் கேட்டு வாங்கியவர்கள் யார் தெரியுமா? இயற்கை விவசாயப் பண்ணைகள். நாங்கள் களைக்கொல்லி அடிக்க முடியாதே, கையால்தானே பறித்தாக வேண்டும் என்பது வாதம்.

எனக்கு அதைப் படித்தபோது சுருக்கென்றது. நம்மிடமும் அதே வாதம்தானே இருக்கிறது, யாரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் வித்தியாசம். விஷமில்லாத அரிசி என்று கிலோவுக்குக் கூட இருபது ரூபாய் வைத்து விற்கிறோம். அந்த இருபதில் களை எடுத்த அக்காவின் முதுகுக்கு எவ்வளவு போகிறது?

நம்ம களைக்கொத்தின் பிடி எவ்வளவு நீளம் என்று இன்றைக்கு வீட்டில் எடுத்து அளந்து பாருங்கள். கலிபோர்னியா தடை செய்ததைவிடக் குட்டையாகத்தான் இருக்கும். கடலைக்கும் உளுந்துக்கும் மிளகாய்க்கும் குத்தவைத்தோ குனிந்தோ கொத்துகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதுவே நீளப்பிடி போட்ட கருவி, தள்ளுகிற கருவி, மோட்டார் வைத்த கருவி வயலுக்கு வந்தால் அதைப் பிடிப்பது ஆண், கூலியும் ஆண் கூலி. நெல்லில் வரிசை நடவு போட்டு, கோனோ வீடர் ஓட்டுகிற இடங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நிமிர்ந்து நடந்தபடி செய்கிற வேலை ஆணுக்குப் போகிறது. குத்துக்கு நடுவே மிச்சம் நிற்கிற களையைக் குனிந்து பறிப்பது பெண்ணுக்கு மிஞ்சுகிறது.

ஒருநாள் எங்கள் வயலில் களை எடுக்க வந்த பெரியம்மாவிடம் வீடரை ஓட்டிப் பாருங்களேன் என்றேன். பத்தடி தள்ளிவிட்டு நின்றார். "பேங்க்கய்யா, இது ஒங்க ஒசரத்துக்குச் செஞ்சது. நான் புடிச்சா மோவாய்க்கட்டைக்கு வருது" என்றார். சரியான விமர்சனம். பெரும்பாலான கருவிகளின் கைப்பிடி ஆண் உயரத்துக்கு அடித்தது. ஊர்ப் பட்டறையில் கொடுத்து, பிடிக்குழாயில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு துளை வீதம் நான்கு துளை போட்டு, போல்ட்டால் உயரம் மாற்றுகிற மாதிரி செய்துகொண்டோம். தள்ளுகிற கருவிக்கு, ஓட்டுகிறவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே கைப்பிடி வந்தால் தோளும் ஏறாது, முதுகும் வளையாது. மேட்டுநிலத்தில் நின்றுகொண்டு கொத்துகிற கருவிக்குக் கழி, நிமிர்ந்து நின்றால் நெஞ்சு உயரம் வர வேண்டும் என்பது என் கணக்கு. கழியின் நீளம் கூடும்போது இலை சின்னதாகவும் இலேசாகவும் இருக்க வேண்டும், கோணமும் மாறும். பழைய இலையிலேயே நீளக்கழி மாட்டிவிட்டு "இது சரிவரல" என்று மூலையில் போடுகிறவர்கள் நிறைய. இரண்டு மூன்று தடவை பட்டறைக்கு நடந்தால்தான் சரிப்படும்.

கொத்துகிற வேலையையே குறைப்பது அதைவிட மேல். மூடாக்கு, வரிசை நடவு, களை சின்னதாக இருக்கும்போதே பத்துப் பன்னிரண்டாம் நாள் ஓட்டுகிற முதல் வீடர். இவையெல்லாம் களை மேலாண்மைப் பாடத்தில் படித்தவைதான், இடுப்பு வைத்தியத்திலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூட்டை, டேங்க், முழங்கால்

எவ்வளவு எடை தூக்கலாம்? அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் 1991இல் போட்ட கணக்கில், எல்லாமே தோதாக இருந்தால், அதாவது இடுப்பு உயரத்தில், உடம்புக்குப் பக்கத்தில், திரும்பாமல் தூக்கினால், 23 கிலோ. தரையிலிருந்து தூக்கினால் அதிலும் குறையும். உலகத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே ஒரு ஆண் தனியாகச் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. நம்ம ஊர் நெல் மூட்டை 75 கிலோ. யூரியா மூட்டையே 2018இல் 50இலிருந்து 45 கிலோவுக்கு இறங்கிவிட்டது. அது உரச் செலவைக் குறைக்கச் செய்தது, முதுகுக்காக இல்லை. நாம் நம் எருவையும் விதைநெல்லையும் யாருக்காக அறுபது எழுபது கிலோவாகத் திணிக்கிறோம்? இருபத்தைந்து கிலோவாகக் கட்டுங்கள். மூட்டையைத் தரையில் அடுக்காமல் திண்ணை உயரத்தில் பலகை போட்டு அடுக்குங்கள். தூக்கித் திரும்பும்போது இடுப்பைத் திருகாமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

முதுகில் மாட்டும் தெளிப்பான் 16 லிட்டர், நிரப்பினால் இருபது கிலோவை ஒட்டி வரும். மீன் அமிலமோ பஞ்சகவ்யாவோ அடிக்கிறவர்கள் பத்து லிட்டரோடு நிறுத்தி, இன்னொரு நடை நடக்கலாம். தரையில் வைத்து மாட்டிக்கொண்டு எழுந்திருக்க வேண்டாம். திண்ணையில் வைத்து, உட்கார்ந்து, இரண்டு வாரையும் மாட்டி எழுந்திருங்கள். ஒற்றைத் தோளில் தொங்கவிட்டு நடப்பது வேண்டவே வேண்டாம்.

முழங்கால் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. தேய்ந்துவிடும், ஆட்டாதே என்பது. மூட்டில் இருக்கும் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு மடங்கி விரியும்போது, அமுக்கி விட்ட பஞ்சு நீரை உறிஞ்சுகிற மாதிரிதான் அது ஊட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆட்டாத மூட்டு பட்டினி கிடக்கும். ஆனால் மணிக்கணக்கில் குத்தவைத்தே இருப்பது, குத்தவைத்த நிலையிலிருந்து எடையோடு எழுவது இரண்டும் மூட்டைக் கெடுக்கும். கடலை பறித்து ஆய்கிற வேலைக்கு ஒரு மணைக்கட்டை போதும். தினமும் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்தால் தொடைத் தசை பலப்படும், முழங்காலின் சுமையை அது வாங்கிக்கொள்ளும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலுக்கு நான்கு கிலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

"நாங்க நாள் பூரா உழைக்கிறோம், எங்களுக்கு எதுக்குங்க எக்சர்சைஸ்?" இந்தக் கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வரும். உழைப்பு ஒரே திசையில் உடம்பை மடக்குகிறது, அதே தசையை அதே மாதிரி ஆயிரம் தடவை. பயிற்சி எதிர்த் திசையில், நம் இஷ்டத்துக்கு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திச் செய்வது. வேலையில் வருகிற கடும் உழைப்பு, ஓய்வுநேரப் பயிற்சி தருகிற நன்மையைத் தருவதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். இன்னொரு பக்கம், என்னைப் போல முப்பது வருஷம் நாற்காலியில் இருந்துவிட்டு வயலுக்கு வருகிறவர்கள், கம்ப்யூட்டர் வேலையை விட்டு வருகிற தம்பிகள். அவர்களுக்கு ஒன்றே ஒன்று: நிலம் வாங்குவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே நடக்கவும் குத்தவைக்கவும் பழகுங்கள். முதல் நாளே முழுநாள் மண்வெட்டி பிடிக்க வேண்டாம். தரிசு நிலத்துக்கு மூன்று வருஷம் மாறுதல் காலம் கொடுக்கிறோமே, உடம்புக்கு ஆறு மாதம் கொடுக்கக் கூடாதா?

பிடித்துக்கொண்டால்

பிடிப்பு வந்ததும் கட்டிலில் ஒரு வாரம் அசையாமல் கிட என்பது பழைய வைத்தியம். பின்லாந்தில் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களை மூன்றாகப் பிரித்து ஒரு ஆய்வு செய்தார்கள், 1995இல் வந்தது. ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, ஒரு பிரிவுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு வலி பொறுக்கிற அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய் என்ற ஆலோசனை. சீக்கிரம் தேறியது மூன்றாவது பிரிவு. ஆகவே புதுப் பிடிப்புக்கு எடை தூக்காமல், குனியாமல், அவ்வப்போது நடந்துகொண்டிருங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் சுளுக்கு எடுக்கிறேன் என்று முதுகில் ஏறி மிதிக்க விடாதீர்கள்.

வலி மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல், கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டு வேலை செய்தால் சிறுநீரகம் அடிவாங்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இரட்டை ஆபத்து.

சில அடையாளங்கள் வந்தால் நம் பாடமெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உட்காருகிற இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தெரியாமல் போவது, மலம் அடங்காமல் போவது, பாதம் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுவது. மரத்திலிருந்து விழுந்தபின் வருகிற வலி, காய்ச்சலோடு வருகிற வலி, காரணமில்லாமல் எடை குறைந்து ராத்திரியில் தூங்கவிடாத வலி, இவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

மற்றபடி நாட்பட்ட வலிக்கு இயன்முறை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிற ஏற்பாடும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். போகும்போது, என்ன வேலை செய்றீங்க என்று கேட்டால் "விவசாயம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். எத்தனை மணிக்கு எழுந்து எதை முதலில் தூக்குகிறீர்கள், எப்படிக் குனிகிறீர்கள் என்று அங்கேயே செய்து காட்டுங்கள். முடிந்தால் உங்கள் களைக்கொத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.